படையிலிருந்து காயத்தோடு திரும்பிய பிள்ளை: மலையகப் பெற்றோரின் கேள்விகள்

மகனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இதமாக இருக்கட்டுமென்று அடியில் தலையணை வைக்கிறேன். பொய்க்கால் கடிக்கிறது என்கிறான். (தாய், நுவரெலியா)

தலையணையை எடுத்துவிடுங்கள் அம்மா. மடங்கியபடியே கிடந்தால் முழங்கால் இறுகிவிடும். பிறகு பொய்க்காலில் நிமிர்ந்து நிற்க வராது. பகலில் இரண்டு தடவை, 20 நிமிடம் குப்புறப் படுக்கட்டும். பொய்க்கால் கடிப்பது பெரும்பாலும் எஞ்சிய கால் மெலிந்து பிடி தளர்வதால்தான். உள்ளே இன்னொரு காலுறை போட்டுப் பாருங்கள். அடுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தால், செய்த இடத்தில் காட்டிச் சரிப்படுத்துங்கள். எஞ்சிய காலைக் கழுவுவது இரவில். ஈரத்தோலில் மாட்டினால் உரசிப் புண்ணாகும். உங்கள் ஊர் மூடுபனியில் காலுறை சுலபத்தில் காயாது, மூன்று சோடியாவது வேண்டும். கழற்றி 20 நிமிடமாகியும் சிவப்பு மாறாவிட்டால் அன்று பொய்க்கால் வேண்டாம்.

முள்ளந்தண்டு அடிபட்டவன். கால் ஜில்லிட்டுக் கிடக்கிறது; சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கலாமா? (தந்தை, ஹட்டன்)

கூடவே கூடாது. உணர்வில்லாத தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. கம்பளிக் காலுறையும் போர்வையும் போதும். படுக்கையில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டுங்கள். சக்கர நாற்காலியில் அரைமணிக்கு ஒரு தடவையாவது கையூன்றி உடம்பைத் தூக்கட்டும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை நல்லதென்று பலர் வாங்குகிறார்கள். அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத்தான் தடுக்கும்.

காயம் நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ என்றால் இன்னொன்று: திடீரென்று தலை பிளக்கும் வலி, முகத்தில் வியர்வை வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். உடனே குறையாவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுங்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும்.

சக்கர நாற்காலிக்காக லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்படிக்குச் சாய்தளம் போடுவதென்றால், 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம். அதைவிடக் குறைந்தால் மழையில் சறுக்கும்.

தூக்கத்தில் கத்துகிறான். எழுப்பப் போனால் கையை ஓங்குகிறான். (தாய், பண்டாரவளை)

தொட்டு உலுக்காதீர்கள். வாசலில் நின்று விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லி, "வீட்டில்தான் இருக்கிறாய்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தூக்கத்துக்காகக் குடித்தால் பின்னிரவில் கனவு இன்னும் மோசமாகும். சாவதைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல், 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் இயங்கும்.

உதவிக்கு எங்கே போவது? (தந்தை, நாவலப்பிட்டி)

1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான, படைவீரர் நலனைக் கவனிக்கும் ரணவிரு சேவா அதிகாரசபையிடம். சேவை இலக்கம், மருத்துவச் சபை அறிக்கை, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளோடு போங்கள். நம்மவர்களின் பெயர் ஒரு தாளில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். அதை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள், ஐயா.