கேள்வி நேரம்: நிறுவிய பேக்கேஜுக்குள் இருப்பதை இறக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் அறக்கட்டளையின் சேல்ஸ்ஃபோர்ஸ் ஆர்க்கில் (சேல்ஸ்ஃபோர்ஸில் எங்களுக்கென உள்ள தளம்), நன்கொடைக் கணக்குக்காக என்பிஎஸ்பி (லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான தொகுப்பு) பேக்கேஜை நிறுவியிருக்கிறோம். அதிலுள்ள ஆப்ஜெக்ட்களையும் (தரவு அட்டவணைகள்) லேஅவுட்களையும் (பக்க அமைப்புகள்) எங்கள் கணினியில் இறக்கி வைக்க எண்ணி, இறக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் பேக்கேஜ்.எக்ஸ்எம்எல் கோப்பில் 'இன்ஸ்டால்டுபேக்கேஜ்' என்ற வகையைக் குறிப்பிட்டேன். ஆறு சிறு கோப்புகள் மட்டுமே வந்தன. மற்றவை எங்கே?

பதில்: வந்தவை சரியான கோப்புகளே. பேக்கேஜின் பதிப்பு எண்ணும், நிறுவுவதற்கான ஓரிரு அமைப்புகளும் மட்டுமே அந்த வகையில் அடங்கும்; அக்கோப்பை வேறோர் ஆர்க்குக்கு அனுப்பினால் அதே பதிப்பு அங்கே நிறுவப்படும் என்பதே அதன் பயன். பேக்கேஜின் உள்ளடக்கம் வேண்டுமென்றால் ஒவ்வோர் உறுப்பையும் அதற்குரிய வகையின் கீழ், நேம்ஸ்பேஸ் (பேக்கேஜின் தனி அடையாளப் பெயர்) முன்னொட்டுடன் கூடிய முழுப்பெயரால் கேட்க வேண்டும்.

கோப்புகள் ஆறாக வந்ததையும் கவனியுங்கள். என்பிஎஸ்பி என்பது ஒரே பேக்கேஜ் அன்று. ஆறு நேம்ஸ்பேஸ்கள் கொண்ட தொகுதி. தொடர் நன்கொடைக்கான ஆப்ஜெக்ட் 'என்பிஎஸ்பி' என்ற முன்னொட்டில் இராது. 'என்பிஇ03' என்ற முன்னொட்டு, இரட்டை அடிக்கோடு, அதன்பின் 'ரெக்கரிங்_டொனேஷன்', மீண்டும் இரட்டை அடிக்கோடு, இறுதியில் 'சி' என்பதே அதன் முழுப்பெயர். ஆகவே ஊகித்து எழுதாமல், முதலில் கட்டளை வரியில், உங்களுக்கு வேண்டிய உறுப்பின் வகைக்கான மெட்டாடேட்டா (ஆர்க்கின் அமைப்பு விவரங்கள்) பட்டியலைக் கேளுங்கள். நிறுவப்பட்ட உறுப்புகளுக்கு நேரே அவற்றின் நேம்ஸ்பேஸும் 'இன்ஸ்டால்டு' என்ற நிலையும் காட்டப்படும். அங்குள்ள பெயர்களையே எடுத்து எழுதலாம்.

லேஅவுட் மட்டும் இதற்கு விலக்கு. பலரும் அரை நாளை இழப்பது இங்கேதான். ஆப்ஜெக்ட் பெயரும் லேஅவுட் பெயரும் சிறுகோட்டால் இணைந்ததே ஒரு லேஅவுட்டின் பெயர். பட்டியலில் முன்னொட்டு முதற்பகுதியில் மட்டுமே இருக்கக் காணலாம். ஆனால் இறக்கும்போது சிறுகோட்டுக்கு அடுத்த பகுதியின் முன்னும் அதைச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால், அப்படி ஒன்று இல்லை என்ற எச்சரிக்கையே வரும்.

அக்கவுண்ட், கான்டாக்ட் போன்ற அடிப்படை ஆப்ஜெக்ட்களில் பேக்கேஜ் சேர்த்த புலங்களும் உங்களுக்குத் தேவைப்படும். 'எல்லாம்' என்று கேட்கும் நட்சத்திரக் குறி (*) அடிப்படை ஆப்ஜெக்ட்களைக் கொண்டுவராது என்பதால், அவற்றின் பெயர்களைத் தனியே எழுதுங்கள். ஒரே முறையில் 10,000 கோப்புகளுக்கு மேல் இறக்க இயலாது; பெரிய ஆர்க் என்றால் பிரித்துக் கேளுங்கள்.

பேக்கேஜின் பெயரைச் சொல்லி மொத்தமாக இறக்கும் வழியும் உண்டு. அது தனிக் கோப்புறையில் வரும். பார்த்துப் புரிந்துகொள்ள மட்டுமே அதை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மூலக் களஞ்சியத்தில் கலந்துவிடாதீர்கள்.

எவ்வழியில் இறக்கினாலும், என்பிஎஸ்பி போன்ற நிர்வகிக்கப்பட்ட பேக்கேஜின் ஏபெக்ஸ் (சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழி) வகுப்புகளில் நிரல் இருக்க வேண்டிய இடத்தில் 'ஹிடன்' (மறைக்கப்பட்டது) என்ற ஒரு சொல்லே இருக்கும். அது உங்கள் பிழையன்று. எழுதியவரின் நிரலைக் காக்கும் ஏற்பாடு. என்பிஎஸ்பி திறமூல மென்பொருள் என்பதால், அதன் நிரலை நீங்கள் கிட்ஹப்பில் முழுமையாகவே படிக்கலாம்.