காலுறைக் கத்தி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்காட்லாந்தில் கில்ட் எனும் மடிப்புப் பாவாடை உடையோடு காலுறையில் செருகும் 'ஸ்கியன் டூ'வுக்குக் 'கறுப்புக் கத்தி' என்று ஏன் பெயர்? அலகு வெள்ளையாகத்தானே பளபளக்கிறது?

பதில்: கேலிக் மொழியில் ஸ்கியன் என்றால் கத்தி, டூ என்றால் கறுப்பு. கைப்பிடி மரத்தின் நிறத்தைத்தான் அது குறிக்கிறது என்பது ஒரு கட்சி. அதே சொல்லுக்கு 'மறைவான' என்ற சாயலும் உண்டு என்பது மறு கட்சி. விருந்தாளி தன் அக்குளில் ஒளித்த கத்தியை மரியாதைக்காக வெளியே எடுத்துக் காலுறையில் செருகினான் என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுதான் மெலிவு. 1812 வாக்கில் ஹென்றி ரேபர்ன் வரைந்த, ஹைலண்ட் (ஸ்காட்லாந்து மலைநாடு) குலத் தலைவர் கிளென்கேரி மெக்டோனலின் ஓவியத்தில் காலுறை ஓரத்திலிருந்து இந்தக் கத்தி எட்டிப்பார்க்கிறது. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது ஹைலண்ட் உடை மோகம் ஏறியது. கத்தியும் அந்த உடையோடு ஒட்டிக்கொண்டது. இதை நினைவில் வைத்துச் செய்பவருக்கு ஒரு வசதி உண்டு: வெளியே தெரிவது கைப்பிடியின் மேற்பாதி மட்டும்தான். உங்கள் நேரத்தில் கால் பங்குக்கு மேல் அலகு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முதல் கத்திக்கு என்ன அளவு, என்ன எஃகு?

பதில்: அலகு 85 மி.மீ., அடியில் அகலம் 18 முதல் 20 மி.மீ., முதுகில் 3 மி.மீ. தடிமன். கைப்பிடிக்குள் போகும் வால் 70 மி.மீ., 9 மி.மீ. அகலத்தில் தொடங்கி 5க்குச் சரியட்டும். கைப்பிடி 90 முதல் 95 மி.மீ. கலப்பு அதிகம் இல்லாத, 0.8 சதவீதக் கார்பன் கொண்ட 1080 வகை எஃகு போதும். சிறு உலையில் கடினமாக்கும்போது நம் பொறுமையை மிகக் குறைவாகச் சோதிப்பது அதுதான்.

அலகும் வாலும் சேரும் தோள் மூலையை மட்டும் நேர்கோணமாக அராவாதீர்கள். ஒன்றரை மி.மீ. வளைவு விடுங்கள். விரிசல் தொடங்குவது அந்த மூலையில்தான். முதுகில் அலங்கார வெட்டுகள் வேண்டுமென்றால் எஃகு மென்மையாக இருக்கும்போதே வட்ட அரத்தால் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: கடினமாக்கச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்த பின் அலகு வளைந்துவிட்டது. அரமும் கொஞ்சம் கடிக்கிறது. எஃகு மோசமா?

பதில்: எஃகின் மேல் பழி போடுமுன் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அரம் கடிப்பது பெரும்பாலும் மேல்தோலை. உலை வெப்பத்தில் மேற்பரப்பு கார்பன் இழந்து மென்மையாகிவிடும். அதே இடத்தில் இன்னும் நாலு இழுப்பு இழுங்கள். உள்ளே அரம் வழுக்கினால் கடினமாகிவிட்டது என்று பொருள். அங்கும் கடித்தால் வெப்பம் போதவில்லை. காந்தம் ஒட்டாமல் போவது ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில். அங்கே நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. இன்னும் சற்று ஏற்றி 815 வரை கொண்டுபோக வேண்டும். அதற்கும் மேலே போனால் எஃகின் படிக மணிகள் பருத்து அலகு கண்ணாடிபோல் ஒடியும்.

வளைவுக்குக் காரணம் மூன்றில் ஒன்று: ஒரு பக்கம் அதிகம் தேய்க்கப்பட்டிருக்கும், உலையில் சூடு ஒருபக்கமாக ஏறியிருக்கும், அல்லது எண்ணெயில் அலகைப் பக்கவாட்டில் ஆட்டியிருப்பீர்கள். கனோலா எண்ணெயை 50 முதல் 55 டிகிரிக்குச் சூடாக்கி, நுனியை முதலில் விட்டு, மேலும் கீழுமாக மட்டும் அசைக்கலாம். கூர்வாயைத் தோய்ப்பதற்கு முன் முழுக்க மெலிக்க வேண்டாம், ஒரு மி.மீ. விட்டுவையுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்ததும், கை தாங்காத சூடு இருக்கும்போதே, இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தினால் சிறு வளைவு நிமிரும். ஆறிய பின் முயன்றால் 'டிக்' என்று ஒரு சத்தம், கையில் இரண்டு துண்டு.

அடுத்து 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் பதம் போட வேண்டும், அதாவது மிதமான சூட்டில் வைத்து நொறுங்கும் குணத்தைக் குறைக்க வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் பதம் போடாத அலகு தானாகவே விரிசல் விடலாம். வீட்டு அடுப்புப் பெட்டியின் சூடு ஏறி இறங்கும். மணல் நிரப்பிய தட்டில் அலகைப் புதைத்தால் அந்த ஆட்டம் அடங்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் தெரிந்தால் பதம் சரி. வாலை மட்டும் பிறகு எரிவாயு டார்ச்சால் நீலநிறம் வரும்வரை சூடாக்கி மென்மைப்படுத்துங்கள். அப்போது அலகு ஈரத்துணிக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: சதுப்பு ஓக் மரம் வாங்கினேன். செதுக்கி முடித்த பிறகு நீளவாக்கில் பிளந்துவிட்டது. ஆப்பிரிக்கக் கருமரத்துக்கு மாறலாமா?

பதில்: ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கரிச்சேற்றில் ஊறிய மரம் அது, காய்வதிலும் அவசரப்படாது. கட்டையின் இரு முனைகளிலும் மெழுகு பூசி வைத்து, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் இருந்தால் அரத்தைக் கையில் எடுக்கலாம். நன்றாகக் காய்ந்ததும் கூட நொறுங்கும் குணம் கொண்டது என்பதால் 3 மி.மீ.க்குக் குறைந்த பின்னல் இழை அதில் நிற்காது.

கருமரம் கூர்மையான செதுக்கலைத் தாங்கும். ஆனால் நீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். பெரிய கைப்பிடி செய்தால் காலுறை சாய்ந்து தொங்கும். எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுமுன் துளையை அசிட்டோனால் துடைக்க வேண்டும். தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஒவ்வாமை தரும், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். பழகுவதற்குச் சாதாரண ஓக்கே போதும். வினிகரில் இரும்புக் கம்பளியை ஊறவைத்த நீரைப் பூசினால் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்து கறுக்கும். சதுப்பு ஓக் கறுத்த ரகசியமும் இதேதான்.

கேள்வி: கைப்பிடியின் பின்னல் வேலைப்பாடு பாதியில் குழம்புகிறது. ஒரே இழை இரண்டு தடவை மேலே வந்துவிடுகிறது. எப்படிக் கணக்கிடுவது?

பதில்: உளியில் குறையில்லை, பென்சிலில் இருக்கிறது. 20 மி.மீ. விட்டமுள்ள கைப்பிடியின் சுற்றளவு சுமார் 63 மி.மீ. அதை எட்டாகப் பிரித்து நீளக்கோடுகள் போடுங்கள். ஒரு பிரிவு 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். பிறகு 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கு வளையங்கள். முதல் வளையத்தில் நீளக்கோடுகள் வெட்டும் இடத்தில் புள்ளி, அடுத்த வளையத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே புள்ளி, மூன்றாவதில் மறுபடி கோட்டின் மேல். புள்ளிகளைச் சாய்வாக இணைத்தால் இரு திசையிலும் இழைகள் ஓடும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சந்திப்பு.

குழப்பம் தீர்க்கும் விதி ஒன்றுண்டு. ஒரு வளையத்திலுள்ள எல்லாச் சந்திப்புகளிலும் வலப்பக்கம் சாயும் இழையே மேலே. அடுத்த வளையத்தில் எல்லாவற்றிலும் இடப்பக்கம் சாயும் இழை மேலே. இப்படி வளையத்துக்கு வளையம் மாற்றிக்கொண்டே போனால் எந்த இழையும் இரண்டு முறை மேலே வராது. இழை இழையாகப் பின்தொடர்ந்து 'இது மேலே, அது கீழே' என்று யோசிப்பவர்தான் தொலைந்துபோகிறார். வளையங்களில் வண்ணப் பென்சிலால் மாற்றி மாற்றி அடையாளமிட்டுவிட்டால் தலை சுற்றாது.

கைப்பிடி கழுத்தருகே ஒடுங்கும் இடத்தில் நீளக்கோடுகள் தாமாகவே நெருங்கும். வளைய இடைவெளியையும் அதே விகிதத்தில் குறையுங்கள். இல்லாவிட்டால் சாய்சதுரங்கள் இழுத்துவிட்ட வலைபோல் நீண்டு தெரியும். கீழே போகும் இழையைச் சந்திப்பின் இருபுறமும் சரிவாக இறக்கினால் போதும். நேராகக் குழி தோண்டினால் பின்னல் பின்னலாகத் தெரியாது. ஆழம் ஒரு மி.மீ. தாண்ட வேண்டாம். உள்ளே வாலுக்கான துளை இருக்கிறது என்பதை மறந்தவர்களுக்குச் சாளரம் திறந்துவிடும்.

கேள்வி: எப்பாக்ஸிப் பசை ஊற்றி வாலைச் செருகினால் அலகு மெல்ல வெளியே தள்ளுகிறது.

பதில்: உள்ளே அடைபட்ட காற்றின் வேலை. பசையை மேலிருந்து ஊற்றாமல், மெல்லிய குச்சியால் துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வாருங்கள். வாலின் ஓரங்களில் அரத்தால் சிறு வெட்டுகள் போட்டால் பசைக்குப் பிடி கிடைக்கும். 24 மணி நேரம் கட்டி வைக்கவும். ஐந்து நிமிடப் பசை இதற்கு ஆகாது.

கேள்வி: உச்சியில் கெய்ர்ன்கார்ம் கல் பதித்து, அதைச் சுற்றிய உலோகப் பூணைப் பொடி வைத்து ஊதி (சூட்டில் பற்றவைத்து) இணைத்தபோது கல் வெளிறிவிட்டது. போலியா?

பதில்: கல் அசலாகவே இருக்கலாம். கெய்ர்ன்கார்ம் என்பது புகைநிறக் குவார்ட்ஸ். சில நூறு டிகிரி சூட்டில் அதன் பழுப்பு கலையும், திரும்பி வராது. பொடி, வெண்காரம், நெருப்பு எல்லாம் முடிந்து, உலோகம் மெருகேறிய பிறகுதான் கல். 0.3 மி.மீ. வெள்ளித் தகட்டு விளிம்பை நாலு திசையிலும் மாறி மாறி அழுத்தி மடியுங்கள். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் கடைசியில் தகடு சுருங்கி நிற்கும்.

ஜெர்மன் சில்வரில் வெள்ளி இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அசல் வெள்ளி போட்டு, பிரிட்டனில் அதை வெள்ளி என்று சொல்லி விற்பதானால், வெள்ளிப் பகுதி 7.78 கிராம் தாண்டினால் தூய்மையைக் காட்டும் தரமுத்திரை கட்டாயம். எடின்பரோ முத்திரைச் சாலையின் அடையாளம் கோட்டை.

கேள்வி: உறையில் வைத்த கத்தியில் புள்ளி புள்ளியாகத் துரு.

பதில்: குரோம் பதனிட்ட தோலா? அதிலுள்ள உப்பு எஃகை அரிக்கும், தோலும் வடிவம் பிடிக்காது. தாவரச்சாறு பதனிட்ட தோலில், 2 மி.மீ. தடிமனில் செய்யுங்கள். நனைத்து வடிவமெடுக்கும்போது அலகைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரண்டு நாள் காயவிடுங்கள். உள்ளே மெல்லிய மரச்சட்டம் வைத்தால் இன்னும் நல்லது, நுனி தோலைக் குத்தாது. விழாக்கள் இல்லாத மாதங்களில் அலகுக்கு மெழுகு தடவி உறைக்கு வெளியே வையுங்கள்.

கேள்வி: எந்தக் காலில் அணிவது? போலீஸ் பிடிக்காதா?

பதில்: வலக்கைக்காரர் வலக்காலில், இடக்கைக்காரர் இடக்காலில். மடித்த காலுறைக்குக் கீழே உள்ள கட்டுநாடா உறையை இறுக்கிப் பிடிக்கும். ஸ்காட்லாந்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தேசிய உடையின் பகுதியாக அணிவது அதே பிரிவில் சொல்லப்பட்ட தற்காப்பு வாதங்களில் ஒன்று. கில்ட்டைக் கழற்றிவிட்டுக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் அந்த வாதம் உடையோடு கழன்றுவிடும். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, சரக்குப் பெட்டியில் போடுங்கள்.