பயிற்சி எண்ணை நம்பி விக்கி தொடங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கூடலூர் பக்கம் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மாவட்டத்தில் கணக்கு ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நல்ல விளக்கம், மாதிரிக் கணக்கு எல்லாம் அதில்தான் போடுகிறோம். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. பேசாமல் எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கி தளம் ஒன்று தொடங்கிவிடலாமா? “ஆளாளுக்குக் கை வைத்தால் தப்பும் தவறுமாகிவிடும்” என்று தலைமையாசிரியர் தயங்குகிறார். உதகை பக்கம் இருக்கும் முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை வைத்து நான் எழுதிய மாதிரிப் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

— ஓர் ஆசிரியை, கூடலூர்

அன்புள்ள டீச்சர்,

தாராளமாகத் தொடங்குங்கள். தலைமையாசிரியரின் பயத்துக்கு உங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது.

தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், மலைச்சரிவு சுமார் 11 பாகை. உதகையின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது, ஒரே அச்சில் திருப்பியே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. இவ்வளவும் அழகாக எழுதிவிட்டு, மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் உள்ள உயர வித்தியாசத்துக்கு டேன் போட்டு 103 மீட்டர் என்கிறீர்கள். 530 மீட்டர் சரிவின் நெடுகே அளந்தது, அதாவது கர்ணம். சைன்தான் போட வேண்டும்; 101 மீட்டர் வரும். விடையில் இரண்டு மீட்டர்தான் வித்தியாசம் என்பதால் எழுதியவர் கண்ணுக்கு இது படவே படாது. வாட்ஸ்அப்பில் போயிருந்தால் தப்போடு நாற்பது போனுக்குப் போயிருக்கும். விக்கியில் ஒருவர் திருத்துவார், பழைய வடிவமும் வரலாற்றில் அப்படியே இருக்கும்.

அப்படியும் சார் சமாதானமாகவில்லையா? பிளானட்மேத் என்ற இணையக் கணிதக் களஞ்சியத்தின் வழி இருக்கிறது. 2000-இல் மேத்வேர்ல்ட் என்ற கணிதக் களஞ்சியம் பதிப்பகம் தொடுத்த வழக்கால் ஓராண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் பிறந்ததுதான் பிளானட்மேத். அங்கே அப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். மற்றவர்கள் திருத்தத்தைச் சொன்னார்கள், அவர் பார்த்துச் சேர்த்தார். கண்டுகொள்ளாமலே இருந்தால் பக்கம் அவர் கையை விட்டுப் போனது. நம் ஊர் ஆசிரியர்களுக்கு இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

எனக்கு உறுத்தியது வேறு. பக்கத்துக்குத் தலைப்பாகப் பயிற்சி எண்ணையும் கணக்கு எண்ணையும் வைத்திருக்கிறீர்கள். 2019-இல் பத்தாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்தபோது பழைய நோட்ஸில் இருந்த எண்களெல்லாம் என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும். சரி, பெயரை வைக்கலாம் என்றால் அதிலும் வம்பு. நம் புத்தகத்தில் தேல்ஸ் தேற்றம் என்றால் அடிப்படை விகிதசமத் தேற்றம். வேறு பல நாட்டுப் புத்தகங்களில் அதே பெயர் அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதற்கு.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யோஹான் டி யோங் தொடங்கிய ஸ்டாக்ஸ் ப்ராஜெக்ட் இதைத் தீர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இயற்கணித வடிவியலில் ஏழாயிரம் பக்கத்துக்கு மேல் போகும் கூட்டுநூல் அது. ஒவ்வொரு வரையறைக்கும் தேற்றத்துக்கும் எண்ணும் எழுத்துமாக நான்கு குறிகள் கொண்ட அடையாளம் தருகிறார்கள். நடுவில் புது அத்தியாயம் நுழைந்தால் தேற்ற எண் மாறும், அடையாளம் மாறாது. இன்னொருவர் தன் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டால் பத்து வருடம் கழித்தும் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

நீங்களும் ஒரு பக்கத்தில் ஒரே விஷயம் வையுங்கள், மாறாத அடையாளம் கொடுங்கள். பயிற்சி எண்ணைத் தனிப் பட்டியலில் போடுங்கள். புத்தகம் மாறினால் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும். அப்புறம் பக்கத்தின் அடியில் “இதற்கு முன் தெரிய வேண்டியவை” என்று இணைப்பு கொடுங்கள். தொலைநோக்கிப் பக்கத்திலிருந்து சைனுக்கு, அங்கிருந்து வடிவொத்த முக்கோணத்துக்கு, அங்கிருந்து விகிதசமத் தேற்றத்துக்கு. பையன் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான் என்பது இந்த வழியாகப் பின்னால் போனால் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இது நடக்காது.

மென்பொருளுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி உங்களுக்குப் பெரிது. டோக்குவிக்கி போதும்: தரவுத்தளம் கிடையாது, பக்கங்கள் வெறும் உரைக்கோப்புகள், பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம். சமன்பாடு காட்ட மேத்ஜாக்ஸ் என்ற செருகி (பிளகின்) இருக்கிறது. அது வழக்கமாக இணையத்திலிருந்து இறங்கும். ஆடி மழையில் கூடலூரில் நெட் இருக்கும் லட்சணத்துக்கு, அதன் நகலையும் பள்ளிக் கணினியிலேயே போட்டுவிடுங்கள். நிர்வாகி கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். டிரான்ஸ்ஃபர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.