ஓய்வுப் பணத்தில் வீடு: முதலில் மாடியை மறந்துவிடுங்கள்

கேள்வி: அரசுப் பணியிலிருந்து அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறேன். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் 5 சென்ட் மனை (36க்கு 60 அடி) என் பெயரில் இருக்கிறது. பணப்பலன் எல்லாம் சேர்த்து 45 லட்சம் வரும். கீழும் மேலுமாக 2,000 சதுர அடி கட்டி, மாடியை வாடகைக்கு விட நினைக்கிறேன். மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்கிறார் கான்ட்ராக்டர். பற்றாக்குறைக்கு வங்கிக் கடன் கிடைக்குமா? மகன்கள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: கடன் கிடைக்கும். ஓய்வூதியம் வருவதால் வங்கி தயங்காது. ஆனால் பெரும்பாலான வங்கிகள் 70 வயதுக்குள், சில வங்கிகள் 75 வயதுக்குள் கடனை முடிக்கச் சொல்லும். உங்களுக்குப் பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். கடன் கிடைக்குமா என்பதைவிட, அந்த மாடி உங்களுக்கு எதற்கு என்பதுதான் எனக்குக் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 2,000 சதுர அடிக்கு 50 லட்சம். அந்த 2,500 ரூபாய்க்குள் போர்வெல், காம்பவுண்ட் சுவர், கேட், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம் எல்லாம் அடங்குமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அடங்காது. அதற்கு ஒரு 6 லட்சம் வையுங்கள். மொத்தம் 56 லட்சம். கையிலுள்ள 45 லட்சமும் கரைந்து, மேலே 11 லட்சம் கடன். 9 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு மாதத் தவணை 14,000 ரூபாயை ஒட்டி வரும். மாடிக்கு 9,000 ரூபாய் வாடகை வந்தாலும் தவணைக்குக் காணாது. மீதியை ஓய்வூதியத்திலிருந்து கட்டுவீர்கள். அவசரத்துக்கு என்று வங்கியில் ஒரு ரூபாய் இருக்காது.

கீழ்த்தளம் மட்டும் 1,000 சதுர அடி கட்டினால் 25 லட்சம், மேற்செலவு 6 லட்சம், ஆக 31 லட்சம். மிச்சம் 14 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 28,700 ரூபாய் வரும். இந்தத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை வருடா வருடம் ஏறுமே என்பீர்கள். ஏறும்தான். குடித்தனக்காரர் காலி செய்து போனால் மூன்று மாதம் பூட்டிக் கிடப்பதும், குழாய் ஒழுகினால் ராத்திரி பத்து மணிக்குப் போன் வருவதும் அதோடு சேர்ந்ததுதான். பிள்ளைகள் லீவுக்கு வந்தால் தங்க மாடி வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். வருடத்தில் பத்து நாளுக்காக 25 லட்சமா? கீழேயே இரண்டு படுக்கையறை போதும்.

மாடி ஆசையை அடியோடு விட மனம் வராவிட்டால், அஸ்திவாரத்தையும் தூண்களையும் இரண்டு தளத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கூடுதல் செலவு பெரிதாக இருக்காது. மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வையுங்கள். பின்னால் பிள்ளைகள் கட்டினாலும் உங்கள் ஹாலைத் தொட வேண்டியிருக்காது. மொட்டைமாடியில் தூண் கம்பிகளை நீட்டி விடுவார்கள். அவற்றைச் சும்மா விட்டால் நாலைந்து மழையில் துரு ஏறி, பிறகு எதற்கும் ஆகாது. மட்டமான கலவையில் கான்கிரீட் போட்டு மூடிவிடச் சொல்லுங்கள். தேவைப்படும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து மண். மனை வயலாக இருந்ததா, மேட்டு நிலமா என்று சொல்லவில்லை. வல்லம் பக்கம் செம்மண் மேடு என்றால் பெரிய கவலை இல்லை. டெல்டாவில் நெல் வயலைத் தூர்த்து மனையாக்கிய இடம் என்றால், களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். சுவர்கள் சாய்வாக விரிசல் விடுவது பல இடங்களில் இதனால்தான். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் மண் பரிசோதனை செய்யுங்கள். வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது இனிமேல்தான். அறுபது வயதில் வரையும் பிளானில் எண்பது வயதுக்காரர் வாழப் போகிறார். ஆனால் வருகிற பிளான்களில் பூஜை அறைக்கும் எலிவேஷனுக்கும் (வீட்டின் முகப்பு) காட்டுகிற அக்கறையைக் குளியலறைக்குக் காட்டுவதில்லை. பேஸ்மட்டத்திலிருந்து, அதாவது வீட்டுத் தரையைத் தாங்கி நிற்கும் அடிமேடையிலிருந்து பார்ப்போம். ரோடு உயர்ந்துகொண்டே போகிறது என்று மூன்றரை அடி, நாலடி ஏற்றிக் கட்டுகிறார்கள். சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுக்கு 1க்கு 12 என்பது விதி. அதாவது ஓரடி ஏற 12 அடி நீளம் வேண்டும். நாலடி பேஸ்மட்டத்துக்கு 48 அடி. உங்கள் மனையின் நீளமே 60 அடிதான். தண்ணீர் தேங்காத இடமாக இருந்தால் இரண்டரை அடியோடு நிறுத்துங்கள். 30 அடிச் சரிவு பக்கவாட்டுக் காலியிடத்தில் அடங்கிவிடும். இப்போதே சரிவு கட்ட வேண்டும் என்பதில்லை. அந்தப் பக்கத்தில் செப்டிக் டேங்கையோ மோட்டார் ரூமையோ வைத்து வழியை அடைக்காமல் இருந்தால் போதும்.

குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளு கதவாக இருக்க வேண்டும். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்பவர் தள்ளித் திறக்க முடியாது. கதவின் திறப்பு மூன்றடி இருக்கட்டும். வழக்கமான இரண்டரை அடிக் கதவில் நிலையும் சட்டமும் போக, சக்கர நாற்காலி நுழையாது. வாசலில் இரண்டு அங்குலப் படி விடாதீர்கள். தண்ணீர் வெளியே வராமலிருக்க அரை அங்குல இறக்கமும் சரியான வாட்டமும் போதும். டைல்ஸ் வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருக்கட்டும். கம்மோடின் பக்கத்திலும் ஷவருக்குக் கீழேயும் கைப்பிடி வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பிடிப்புள்ள சுவரை இப்போதே கட்ட வேண்டும். வெறும் ஹாலோ பிளாக் சுவரில் அடித்த கைப்பிடி, ஆளின் எடையைத் தாங்காமல் டைல்ஸோடு பெயர்ந்து வரும். அந்த இடத்தில் மட்டும் செங்கல் வைத்துக் கட்டச் சொல்லிவிடுங்கள்.

அனுமதி விஷயம் இப்போது எளிது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. உங்கள் 5 சென்ட் அதற்குள் வரும். ஆனால் லேஅவுட் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமில்லா மனைகளுக்கு வரன்முறை வாய்ப்பு, அதாவது கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு தரப்பட்டது. உங்கள் மனை அந்த வகையென்றால், வரன்முறை செய்த உத்தரவு கையில் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் உங்கள் பெயரில் சரியாக இருக்கட்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம்.

வீட்டை முடித்ததும் பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அவசரப்படாதீர்கள், உயில் போதும். எழுதியே தீருவேன் என்றால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி இருக்கிறது. வீடு உங்கள் பெயரிலேயே இருந்தால், 60 வயதுக்கு மேல் அதை வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் பெறும் தலைகீழ் அடமானமும் கடைசிக் கைப்பிடியாக இருக்கும்.

கான்ட்ராக்டரிடம் வருவோம். வாய்ப்பேச்சு வேண்டாம். சிமென்ட், கம்பி, டைல்ஸ், ஒயர், பெயின்ட் என்று ஒவ்வொன்றுக்கும் கம்பெனியும் தரமும் எழுதி வாங்குங்கள். டைல்ஸ் என்று மட்டும் எழுதாமல், சதுர அடிக்கு இத்தனை ரூபாய் டைல்ஸ் என்று எழுதுங்கள். பணத்தை பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), தளம், பூச்சு, ஃபினிஷிங் என்று கட்டம் கட்டமாக, அந்தந்த வேலை முடிந்த பிறகு கொடுங்கள். அடுத்த கட்டத்துக்கு முன்பணம் கேட்டால் இந்தக் கட்டத்தின் பணம் வேறு சைட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மகன்கள் வெளியூரில் என்பதால், கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியருக்குத் தனியாகப் பணம் கொடுத்து, கம்பி கட்டியதும் கான்கிரீட் போடும் முன்னும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தினமும் நீங்கள் பார்க்க வேண்டியது தண்ணீர் காட்டுவதை. பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் தளத்தில் பாத்தி கட்டிப் பத்து நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும். வெயிலில் அது காய்ந்து கிடந்தால் கொத்தனாரிடம் சண்டை போடலாம், தப்பில்லை.

மே மாதம் ஓய்வு பெற்றதும் ஆரம்பிக்காதீர்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும். அதுவரை அந்தப் பகுதியிலேயே ஒரு வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், கோடையில் தண்ணீர் எப்படி, பஸ் எத்தனை மணி வரை என்பதெல்லாம் தெரியும். உங்கள் மனைவிக்கும் அந்த இடம் பிடித்திருக்கிறதா என்று அப்போது கேளுங்கள். தை பிறந்து வானம் தோண்டினால் அடுத்த மழைக்குள் பூச்சு வரை வந்துவிடும். கடைசித் தவணையில் ஐந்து சதவீதத்தை மட்டும் ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வைத்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.