மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள பிணைப்பைக் கலையில் எப்படிக் காட்டுவது?

மரத்தையும் மனிதரையும் ஒரே படத்தில் வரைந்துவிட்டால் அவர்களுக்கிடையேயான பிணைப்பு வெளிப்பட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வெளிப்படாது, அருகருகே நிற்பது வேறு, ஒன்று மற்றொன்றை மாற்றுவது வேறு. ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங் 1967-இல் இங்கிலாந்தின் ஒரு புல்வெளியில் ஒரே நேர்கோட்டில் திரும்பத் திரும்ப நடந்து, மிதிபட்டுச் சாய்ந்த புல்லில் உருவான கோட்டைப் புகைப்படம் எடுத்தார். படத்தில் ஆள் இல்லை. ஆனால் ஓர் உடலின் எடை இருக்கிறது.

ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் காலத்தையே கருவியாக்கினார். ஜெர்மனியின் காசெல் நகரில் 7,000 மரங்களை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பசால்ட் கல்லுடன் நடுவதற்கு அவர் 1982-இல் தொடங்கிய பணி, 1986-இல் அவர் இறந்த பிறகும் தொடர்ந்து, 1987-இல் நிறைவடைந்தது. கல் வளராது, மரம் வளரும் என்பதால் இரண்டின் விகிதமும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறது. (எனக்கு இதுவே லாங்கின் கோட்டைவிட ஆழமானதாகப் படுகிறது.)

நீங்கள் இவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. நடைபாதையின் குறுக்கே ஓடும் வேரில், காலடி படும் இடம் மட்டும் பட்டை தேய்ந்து வழவழப்பாகவும், இரு ஓரங்களும் சொரசொரப்பாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ஒரு தாளை விரித்துக் கரித்துண்டால் தேய்த்துப் பதிவெடுங்கள். தாள் மெல்லியதாக இருக்கட்டும், தடித்த தாளில் அந்த வேறுபாடு சரியாகப் பதியாது.