பதில்: மரியாள் பிரதியில் முக்காடு கறுக்கிறது, முகம் வெளுக்கிறது

வணக்கம். இத்தாலிய ஓவியர் அந்தோனெல்லோ தா மெசினா 1476 வாக்கில் வரைந்து, இப்போது பலெர்மோ நகரில் இருக்கும், நீல முக்காடிட்ட மரியாள் ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுப்பதில் முக்காடு கறுத்துத் தட்டையாகிவிட்டது, முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

முகத்துக்குக் காரணம் டைட்டானியம் வெள்ளை. அக்காலத்து ஈய வெள்ளையைவிட அது அடியிலுள்ள வண்ணத்தை அதிகம் மறைக்கும், சாயலும் குளிர்ந்தது. ஈய வெள்ளை நஞ்சு, அதைத் தேடிப் போக வேண்டாம். டைட்டானியத்தில் துளி மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்) சேர்த்து நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கன்ன மேட்டிலும் மட்டும் கனமாக வையுங்கள். நிழல் பக்கத்தில் வெள்ளையே வேண்டாம். பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு) அடித்தளம் மெலிதாகத் தெரியட்டும்.

முக்காட்டு நிழலுக்குக் கறுப்பு கலந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காய்ந்திருந்தால் 400 எண் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். அல்ட்ராமரைன் நீலத்தோடு வெள்ளை கலந்து, வேண்டியதைவிட இரண்டு படி வெளிறலாக மடிப்புகளை முழுசாக முடியுங்கள்; பிறகு மேலே பூசும் நீலப் பூச்சு அதை ஆழமாக்கும். நெற்றிக்கு நேர்மேலே இறங்கும் அந்தக் கூரான மடிப்புக்கோடு முக்கியம், அது மழுங்கினால் துணி துணியாகத் தெரியாது.

ஒரு வாரமாவது காயட்டும். தொட்டால் ஒட்டினால் இன்னும் பொறுங்கள். பிறகு ஒரு பங்கு ஸ்டாண்ட் ஆயில் (சூடாக்கிக் கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெய்), இரண்டு பங்கு டர்பன்டைன் கலவையில் வெறும் அல்ட்ராமரைனைக் குழைத்து மெல்லிய பூச்சாக இழுத்து, உலர்ந்த மென்தூரிகையால் தட்டிச் சமப்படுத்துங்கள். பூச்சு முத்துமுத்தாகத் திரண்டால் அடித்தளம் வழவழப்பாக இருக்கிறது என்று அர்த்தம். அதைத் துடைத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தை ஒற்றியெடுத்த பிறகு மறுபடி பூசுங்கள். ஒரே பூச்சில் ஆழம் வேண்டுமென்று எண்ணெயைக் கூட்டினால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும். மெல்லிய பூச்சு இரண்டு மூன்று போடுவதே சரி.