சேற்றில் ஏது தெர்மாமீட்டர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர் ஓடுகளை வைத்துப் பனியுகத்தின் வெப்பநிலையைக் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தீர்கள். பிறகு அந்தக் கணக்கையே மாற்றிக்கொண்டார்கள் என்றும் அடுத்த வரியில் எழுதுகிறீர்கள். நாளைய மழையையே சரியாகச் சொல்ல முடியவில்லை. இதில் எதை நம்புவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நியாயமான சந்தேகம். அந்த மாற்றத்தை ஒரே வரியில் கடந்துபோனது என் தப்பு. இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான்.

ஃபோராமினிஃபெரா என்பவை ஒற்றைச் செல் உயிர்கள், பெரும்பாலும் மணல் பருக்கை அளவுதான். சுண்ணாம்பு ஓடு கட்டி வாழும். செத்தால் ஓடு கடலடியில் படியும். அந்த ஓட்டில் ஆக்சிஜன் 16, அதைவிடக் கனமான ஆக்சிஜன் 18 இரண்டும் இருக்கும். நீர் குளிரக் குளிர ஓட்டில் 18 சற்றுக் கூடும். 1955-இல் செசாரே எமிலியானி என்ற புவியியலாளர் இதை வைத்துத்தான் பனியுகங்களின் வெப்பநிலைக் கோட்டை வரைந்தார்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான 16 முந்திக்கொள்ளும். அது நிலத்தில் பனியாக விழுந்து அங்கேயே உறைந்து கிடந்தால், கடலில் 18-இன் பங்கு ஏறிவிடும். அப்படியானால் ஓட்டில் 18 கூடியது கடல் குளிர்ந்ததாலா, நிலத்தில் பனி பெருத்ததாலா? பனியின் பங்கு சிறிது என்று எமிலியானி வைத்துக்கொண்டார்.

கேம்பிரிட்ஜில் இருந்த நிக்கோலஸ் ஷாக்கிள்டன் (கிளாரினெட் வாசிப்பவர், பழைய கிளாரினெட்டுகளைச் சேர்த்துக் குவித்தவர்) கடலின் அடியிலேயே வாழும் இனங்களை எடுத்துப் பார்த்தார். அவை சேற்றில் அரிதாகத்தான் கிடைக்கும். அதனால் மிகக் கொஞ்சம் ஓட்டையும் அளக்கும்படி கருவியைச் செப்பனிட வேண்டியிருந்தது. அடியாழத்து நீர் இன்றைக்கே உறைநிலையை ஒட்டித்தான் இருக்கிறது. பனியுகத்தில் அது இன்னும் எவ்வளவு குளிர்ந்துவிட முடியும்? ஆனால் அங்கேயும் 18 கிட்டத்தட்ட மேற்பரப்பில் போலவே ஏறி இறங்கியிருந்தது. ஆகவே ஓடுகள் காட்டுவது பெரும்பாலும் பனியின் அளவைத்தான் என்று 1967-இல் எழுதினார்.

எமிலியானியின் கோட்டில் பனியுகங்கள் வந்து போன ஏற்ற இறக்கம் அப்படியே நின்றது. வெப்பநிலைக் கோடு என்றிருந்த பெயர்தான் பெரும்பாலும் பனியளவுக் கோடு என்று மாறியது. அப்புறம் ஷாக்கிள்டனையும் கொஞ்சம் திருத்தினார்கள். அடியாழமும் ஓரளவு குளிர்ந்திருந்தது. இப்போது அதே ஓட்டிலுள்ள மக்னீசியத்தை அளக்கிறார்கள். நீர் சூடானால் அது கூடும். அதைக் கொண்டு வெப்பத்தைத் தனியாகவும் பனியைத் தனியாகவும் பிரித்துவிடலாம்.

நாளைய மழை வேறு விவகாரம், அந்த அளவு நுணுக்கம் சேற்றில் கிடையாது. ஆழ்கடலில் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் சேரும். அதையும் புழுக்கள் கிளறிவிடும். அதனால் பல இடங்களில் ஒரு நூற்றாண்டைக்கூட அடுத்ததிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.